பொரளையில் முடிந்துவிடுவதில்லை பிள்ளையின் இருதயச் சிகிச்சை

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்றாகும். மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன. இறந்தோரையும் இடம்பெயர்ந்தோரையும் எண்ணுவதிலேயே நாட்டின் கவனம் முழுவதும் இருந்தது, அது இயல்பானதே. ஆனால், இத்தகைய நாட்களில் வீடுகளுக்குள் வேறொரு கணக்கும் சத்தமின்றி நடைபெறுவதுண்டு. கொழும்பு கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அடுத்த திகதிக்குப் போய்ச்சேர முடியுமா, முடியாவிட்டால் யாரிடம் கேட்பது என்ற கணக்குத்தான் அது.

அந்தக் கணக்கைப் போடுபவர்களில் நாம் அதிகம் பேசாத ஒரு பிரிவினர் இருக்கின்றனர். பிறவியிலேயே இருதயக் குறைபாட்டுடன் பிறந்து, சிறுவயதில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, இப்போது பாடசாலைக்குச் செல்பவர்களாகவோ கொழுந்து பறிப்பவர்களாகவோ கடைகளில் வேலை செய்பவர்களாகவோ இருக்கும் பிள்ளைகளும் இளைஞர்களுமே அவர்கள். "ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, பிள்ளை தப்பிவிட்டது" என்ற நிம்மதியில் குடும்பம் அந்த அத்தியாயத்தை மூடிவிடுகின்றது. ஆனால், அந்தச் சத்திரசிகிச்சை விட்டுச்சென்ற தழும்பு, பத்து அல்லது இருபது ஆண்டுகளின் பின்னர் இருதயத்தின் துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதைப் பெரும்பாலான பெற்றோருக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் எவரும் சொல்லியிருப்பதில்லை. ஊவா மாகாணத்தின் தோட்டப்புறங்களில் இதனால் ஏற்படும் இழப்பு எந்தப் புள்ளிவிபரத்திலும் சேர்வதில்லை. "பையன் திடீரென்று விழுந்து செத்துப்போனான்" என்ற ஒரு வாக்கியத்துடன் அது முடிந்துவிடுகின்றது.

உலகெங்கும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துக் குழந்தைகள் வரை ஏதேனுமொரு பிறவி இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 குழந்தைகள் இவ்வாறு பிறப்பதாகச் சிறுவர் நோய் வைத்தியர்கள் கூறிவருகின்றனர். இவற்றில் சில தாமாகவே சரியாகிவிடும். சிலவற்றுக்கு மருந்து போதும். ஒரு கணிசமான தொகைக்குச் சத்திரசிகிச்சையோ குழாய் வழியிலான சிகிச்சையோ அவசியம். அதன் பெரும் பாரத்தைத் தாங்கி நிற்பது பொரளையிலுள்ள ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையாகும். தனியார் வைத்தியசாலையில் பல இலட்சங்களை விழுங்கக்கூடிய ஒரு சத்திரசிகிச்சை, மடுல்சீமையில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு ஒரு சதமும் வாங்காமல் அங்கு செய்யப்படுகின்றது. தென்னாசியாவில் எத்தனை நாடுகளில் இது சாத்தியம்? அங்கு புதிய இருதய சிகிச்சைக் கட்டடம் ஒன்றை அமைப்பதற்காக "லிட்டில் ஹார்ட்ஸ்" என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டபோது நாட்டின் சகல சமூகத்தவரும் பணம் கொடுத்தனர். எனவே, இக்கட்டுரை எந்த வைத்தியசாலையையும் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதப்படவில்லை. சத்திரசிகிச்சைக்கு நாடு கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது அதற்குப் பிந்திய வாழ்க்கைக்கும் கொடுக்கவேண்டும் என்பதே நமது வாதம்.

விடயத்தை விளங்கிக்கொள்ளப் பாடசாலை விஞ்ஞானத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இருதயத் துடிப்பு என்பது ஒரு மின் ஒழுங்கு. வலது சோணையின் மேற்பகுதியிலுள்ள சிறு கலத்தொகுதி ஒன்று கணத்தாக்கத்தைத் தொடக்கி வைக்கின்றது. அது சோணைகளைக் கடந்து நடுவிலுள்ள கணுவொன்றில் ஒரு கணம் தாமதித்து, அங்கிருந்து மெல்லிய கற்றையொன்றின் வழியே இறங்கி இரண்டு இதயவறைகளையும் ஏககாலத்தில் சுருங்கச் செய்கின்றது. இதயவறைகளுக்கிடையிலான சுவரில் துளையுடன் பிறக்கும் குழந்தைகளில், இந்தக் கற்றை பெரும்பாலும் அத்துளையின் விளிம்பையொட்டியே செல்கின்றது. துளையை மூடும் தையல் விழும் இடத்துக்கும் அந்தப் பாதைக்கும் இடையில் ஓரிரு மில்லிமீற்றர் தூரமே இருக்கும். கற்றை நசுங்கினாலோ வீங்கினாலோ மேலிருந்து வரும் கட்டளை கீழே போய்ச்சேராது. இதனையே முழுமையான இருதய மின்தடை என்கின்றனர். இத்தகைய சத்திரசிகிச்சைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையானவற்றில் இது ஏற்படுவதுண்டு.

இதற்காகவே சத்திரசிகிச்சை முடிந்து வரும் பிள்ளையின் நெஞ்சிலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டு தாய்மார் பதறுவதுண்டு. உண்மையில் அவை பிள்ளையின் காவற்கம்பிகள். துடிப்புத் தடைப்பட்டால் வெளியேயுள்ள சிறு கருவியொன்று அவற்றின் வழியாக இருதயத்தை இயக்கும். ஏழு முதல் பத்து நாட்கள் வரை காத்திருந்தும் சுயமான துடிப்புத் திரும்பாவிடில் நிரந்தரமான பேஸ்மேக்கர் பொருத்தப்படும். சிறு பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரில் வைக்கப்படுகின்றது. வேறு சில பிள்ளைகளுக்கு முதலிரண்டு நாட்களுக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 200 வரை தாறுமாறாக ஏறிவிடும். உடலைச் சற்றுக் குளிரச் செய்தும், மக்னீசியம், அமியோடரோன் போன்ற மருந்துகளைக் கொடுத்தும், இருதயத்தைத் தூண்டும் மருந்துகளைக் குறைத்தும் வைத்தியர்கள் அந்த இரண்டு மூன்று நாட்களைக் கடத்துகின்றனர். கடந்துவிட்டால் அது பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. இவை யாவும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வைத்தியர்களின் கண்முன்னால் நடப்பவை. ஆகவே இவற்றைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு சரித்திரத்தைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. இன்று மூத்த குடிமக்களின் கருவி என்றே பலரும் எண்ணும் பேஸ்மேக்கர், மின்கலத்தால் இயங்கும் கருவியாக மாறியது இத்தகைய பிள்ளைகளின் பொருட்டேயாகும். 1954இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வோல்ட்டன் லில்லிஹை என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பிள்ளையின் இரத்தச் சுற்றோட்டத்தைத் தந்தையின் சுற்றோட்டத்துடன் இணைத்து வைத்துக்கொண்டு இதயவறைத் துளையை மூடத் தொடங்கினார். துளை மூடப்பட்டது, ஆனால் சில பிள்ளைகள் மின்தடையினால் இறந்தனர். 1957 ஜனவரியில் அவர் இருதயத் தசையிலேயே கம்பியைச் செருகி, சுவரிலுள்ள மின்செருகியில் இயங்கும் கருவியொன்றினால் துடிப்பை நடத்திக் காட்டினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி அந்நகரில் மணிக்கணக்கில் மின்சாரம் தடைப்பட்டது. சுவர் மின்சாரத்தை நம்பிப் பிள்ளைகளின் உயிரை வைத்திருக்க முடியாது என்பது அன்று நிரூபணமாயிற்று. லில்லிஹை, வைத்தியசாலைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஏர்ல் பெக்கன் என்ற இளைஞரிடம் கேட்டுக்கொள்ள, அவர் தமது வாகனக் கொட்டகையில், சங்கீதத்துக்குத் தாளம் காட்டும் கருவியொன்றின் மின்சுற்றைப் பின்பற்றி, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியொன்றைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். 2022 மார்ச் மாத இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நம்மவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால், நமது அக்கறைக்குரியது வைத்தியசாலைக்குள் நடப்பதல்ல. வீடு திரும்பிய பின்னர், அதுவும் பல ஆண்டுகளின் பின்னர் நடப்பதேயாகும்.

நீலநிறமாகப் பிறக்கும் குழந்தைகளில் அதிகமானோருக்கு இருப்பது, நான்கு குறைபாடுகள் ஒன்றுசேர்ந்த பெலோ நான்மை எனும் நோயாகும். துளையை மூடி, நுரையீரலுக்குச் செல்லும் ஒடுங்கிய வழியை வெட்டி அகலமாக்குவதே இதற்கான சத்திரசிகிச்சை. பிள்ளையின் உதடு சிவக்கின்றது, ஓடி விளையாடுகின்றது, பெற்றோர் கடவுளுக்கு நன்றி செலுத்துகின்றனர். ஆனால், அகலமாக்கப்பட்ட வழியில் வால்வு சரிவர மூடாததால் இரத்தம் கொஞ்சங் கொஞ்சமாகப் பின்னோக்கிக் கசிந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல வலது இதயவறை வீங்குகின்றது. வீங்கிய தசைக்கும் பழைய தழும்புக்கும் இடையில் மின்சாரம் வட்டமடிக்கத் தொடங்கினால் இதயவறை கட்டுக்கடங்காத வேகத்தில் துடிக்கும். அதன் முதல் அறிகுறி மயக்கமாக இருக்கலாம். சில வேளைகளில் மரணமாகவே இருந்துவிடலாம். இவ்வாறு திருத்தப்பட்டவர்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவர் திடீரென இறப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்டுக்கு என்று பார்த்தால் சிறிய எண்ணிக்கைதான். ஐந்து வயதில் திருத்தப்பட்ட பிள்ளை நாற்பது வயது வரை வாழவேண்டும் என்று பார்த்தால் அது சிறியதல்ல.

சோணைகளில் தையல் போடப்பட்டவர்களுக்கு வேறுவகைச் சிக்கல் வருகின்றது. சோணைச் சுவரின் துளையைக் காலந்தாழ்த்தி மூடிக்கொண்டவர்களுக்கும், ஒரேயொரு இதயவறையுடன் பிறந்து பொன்டான் எனும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், சோணை படபடவென்று அடித்துக்கொண்டு இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். சிறுவயதில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட பிள்ளைகளின் கதை இன்னொன்று. மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையே நீடிக்கும். பிள்ளை வளர்ந்து முப்பதைத் தொடும் முன்னர் மூன்று நான்கு தடவை அதனை மாற்ற நேரலாம். மின்கலம் தீர்ந்துகொண்டு வருவதைக் கருவியைப் பரிசோதித்தே அறியமுடியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அறிய முடியாது.

நல்ல செய்தி என்னவெனில், இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், இரத்தம் உறையாதிருக்க வார்பரின், தவறாக ஓடும் மின்பாதையைக் குழாய் வழியே சென்று சுட்டு அழிக்கும் சிகிச்சை, கசியும் வால்வை மாற்றுதல், ஆபத்தான துடிப்பை உணர்ந்து தானாகவே அதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் உட்பொருத்திய கருவி என வழிகள் பல. மின்பாதையைச் சுட்டு அழிக்கும் சிகிச்சைக்குரிய வசதியும் நிபுணத்துவமும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இருக்கின்றன. ஆனால், அந்தக் கதவை யார் எப்போது தட்டவேண்டும் என்று தீர்மானிப்பதற்கு அத்தனை பெரிய வசதி எதுவும் தேவையில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 1995இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, பெலோ நான்மை திருத்தப்பட்டவர்களின் சாதாரண ஈ.சி.ஜி. தாளில் இதயவறைக்குரிய அலையின் அகலம் 180 மில்லிசெக்கனை எட்டினால் ஆபத்தான துடிப்புக்கான வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்காட்டியது. தாளிலுள்ள சிறு கட்டம் ஒன்று 40 மில்லிசெக்கன். அதாவது நாலரைக் கட்டம். அதை எண்ணுவதற்குக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. தியத்தலாவையிலும் வெலிமடையிலும் எண்ணலாம்.

அப்படியானால் ஏன் எண்ணப்படுவதில்லை? இதற்கு விடைகாண, நோயாளி வருகின்ற வழியைப் பார்க்கவேண்டும்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் கிளினிக் திகதி கொழும்பில் காலை எட்டு மணிக்கு என்றால், அவள் முதல் நாள் பிற்பகலே புறப்படவேண்டும். தோட்டத்துப் பாதையில் ஆட்டோ, பிறகு பசறை வழியாகப் பதுளைக்கு பஸ், அங்கிருந்து இரவோடிரவாக 230 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்கு. கிளினிக் முடிந்து வீடு திரும்ப மறுநாள் நள்ளிரவாகிவிடும். இரண்டு நாட் பேர் போயிற்று. தகப்பனும் கூடப் போனால் நான்கு நாட் பேர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பின்னர் அது எத்தனை ரூபாவால் உயர்த்தப்பட்டாலும், ஒரு கிளினிக் பயணம் அந்த மாதச் சம்பளத்தில் ஏற்படுத்தும் ஓட்டையை அடைக்கப் போதாது. மாதத்தில் இத்தனை நாள் வேலைக்கு வந்தாலே கிடைக்கும் கொடுப்பனவுகளும் அத்துடன் கைநழுவிப்போகும். வைத்தியம் இலவசம்தான், வைத்தியரிடம் போய்ச்சேர்வது இலவசமல்ல. முதல் இரண்டு ஆண்டுகள் அவள் தவறாமல் போகின்றாள். மூன்றாம் ஆண்டு பிள்ளை நன்றாகத்தானே இருக்கின்றது என்று ஒரு திகதி விடுபடுகின்றது. விடுபட்ட திகதிக்கு ஏச்சு விழுமோ என்ற பயத்தில் அடுத்ததும் விடுபடுகின்றது. கிளினிக் கொப்பி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போகின்றது.

அந்தக் கொப்பியில் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம். கிளினிக்கில் விளக்கம் சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது என்பதை நாம் மேடைகளில் ஞாபகப்படுத்திக் கொண்டிருக்கின்றோம். ஆனால், ஒரு தாய்க்கு அந்தத் திருத்தத்தின் பயன் தெரியவேண்டிய இடம், "உங்கள் பிள்ளை இருபது வயதிலும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரவேண்டும், ஏனென்றால் தழும்பு துடிப்பைக் குழப்பலாம்" என்ற ஒரு வாக்கியம் சொல்லப்படும் இடமாகும். நெரிசல் மிக்க கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் வைத்தியரைக் குறைகூறிப் பயனில்லை. அந்த வாக்கியத்தைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுப்பதற்கு வைத்தியர் தேவையில்லை.

பிறகு ஒருநாள் பையன் பாடசாலை மைதானத்தில் மயங்கி விழுகின்றான். கை, கால் இழுக்கின்றது. இருதயம் சில கணங்கள் இரத்தத்தை அனுப்பாதுவிட்டால் மூளை ஒட்சிசன் இன்றி உடலை உதறவைக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்பாகவே தெரியும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். சிலர் மாரியம்மன் கோயிலுக்கோ மந்திரிப்பவரிடமோ கொண்டுசெல்வார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றாலும் வலிப்பு மாத்திரை எழுதிக்கொடுக்கப்படலாம். நெஞ்சின் நடுவிலுள்ள தழும்பைக் கண்டவர் எவராவது ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நெஞ்சில் சத்திரசிகிச்சைத் தழும்புள்ள ஒருவருக்கு வரும் மயக்கம், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை இருதயத்தின் மயக்கமே என்பது மருத்துவத்தின் பால பாடம். அந்தப் பாடம் தோட்ட டிஸ்பென்சரி வரைக்கும் போய்ச்சேரவேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. கல்யாணம் பேசும்போது தழும்பு ஒரு குறையாகிவிடும் என்ற அச்சத்தில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் சத்திரசிகிச்சை நடந்ததையே மறைத்துவிடுகின்றன. கிளினிக்குக்குப் போனால் அயலுக்குத் தெரிந்துவிடும் என்று போக்குவரத்தும் நிற்கின்றது. பின்னர் அவள் கருவுறும்போது உடலின் இரத்தக் கனவளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. பழுதுபார்க்கப்பட்ட இருதயத்தின் துடிப்புக் குழம்புவதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. கருவின் முதல் மூன்று மாதங்களில் வார்பரின் சிசுவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது; அதைத் தாமாகவே நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. நம் நாட்டில் தாய் மரணங்களுக்கான பிரதான காரணங்களில் இருதய நோயும் ஒன்று என்பதைச் சுகாதாரத் துறையினர் நன்கறிவர். மறைக்கப்பட்ட ஒரு தழும்பைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது எத்தனை பெரிய காரியம் என்பதை மாமியார்மார் உணரவேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்வது பிறவி இருதயக் குறைபாட்டின் வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றது என்பதையும் இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும். இரு சமூகங்களிலும் அவ்வழக்கம் இருப்பதால் ஒருவர் மற்றவரைச் சுட்டிப் பேச இடமில்லை.

பதுளை நகரிலும் குருத்தலாவையிலும் பண்டாரவளையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தோட்டத் தொழிலாளியின் சம்பளப் பிரச்சினை இல்லாதிருக்கலாம். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் கொழும்புக்குப் போகவேண்டிய நிலை அவர்களுக்கும் உண்டு. நோன்பு காலத்தில் மருந்து நேரங்களைத் தாமாகவே மாற்றிக்கொள்வது இன்னொரு ஆபத்து. சில மருந்துகளை ஒரு வேளைக்கு ஒதுக்கலாம். சிலவற்றை ஒதுக்க முடியாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர் நாள் முழுவதும் நீரருந்தாதிருந்தால் உடலின் பொட்டாசியம் அளவு தடுமாறித் துடிப்பைக் கெடுக்கலாம். நோயாளிக்கு நோன்பிலிருந்து மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடமும் உலமாவிடமும் சேர்ந்து கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறுவர் வைத்தியசாலையின் வயதெல்லை முடிவடையும் தறுவாயே எல்லாவற்றிலும் பலவீனமான கண்ணி. பதின்ம வயதைக் கடக்கும்போது பிள்ளையை வயது வந்தோருக்கான இருதய நோய்ப் பிரிவுக்குக் கையளிக்கவேண்டும். காகிதத்தில் அது ஒரு கடிதம். நடைமுறையில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டுகள் போய்வந்த ஒரே முகத்தை இழந்து, முன்பின் அறியாத வைத்தியரிடம் தனியே போய் நிற்பது. அதே வயதில்தான் பையன் க.பொ.த. சாதாரண தரத்துடன் பாடசாலையை விட்டுக் கொழும்பில் கடை வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்கின்றான். பேஸ்மேக்கர் உடலில் இருக்கும் ஒருவன் வெல்டிங் கருவியுடன் வேலை செய்யக்கூடாது என்பதை அவனுக்கு யார் சொல்வது? கொழும்பில் இருக்கும்போது கொழும்பு வைத்தியசாலை பக்கத்தில்தானே என்று கேட்கலாம். முதலாளியிடம் விடுமுறை கேட்டால் இருதய நோயாளி என்று வேலை போய்விடும் என்ற அச்சம் அந்தக் கிட்டத்தை எட்டாத தூரமாக்கிவிடுகின்றது. மருத்துவம் முன்னேறிய நாடுகளில் பிறவி இருதயக் குறைபாட்டுடன் வாழ்வோரில் சிறுவர்களைவிட வயது வந்தோரின் தொகையே இப்போது அதிகம். நமது சத்திரசிகிச்சை வெற்றிகள் நம்மையும் அதே நிலைக்குக் கொண்டுசெல்கின்றன. ஆனால், வயது வந்த அந்த நோயாளிகளுக்காக மலையகத்தில் நாம் எதையும் ஆயத்தம் செய்துகொண்டிருப்பதாகத் தெரியவில்லை.

என்ன செய்யலாம்? ஊவாவில் இன்னொரு சிறுவர் இருதய சத்திரசிகிச்சைப் பிரிவு வேண்டும் என்று கேட்பது எளிது. அரசியல்வாதிகள் அப்படியே கேட்பர். நமது அபிப்பிராயத்தில் அது இப்போதைக்குத் தவறான கோரிக்கை. இத்தகைய சத்திரசிகிச்சை, எண்ணிக்கை அதிகமுள்ள இடத்திலேயே சிறப்பாக நடைபெறும். பிரித்துப் பரப்பினால் தரம் குறையும். பரப்பவேண்டியது தொடர் கண்காணிப்பை. பதுளைப் போதனா வைத்தியசாலையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும், சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகளையும் இளைஞர்களையும் ஒன்றாகப் பார்க்கும் கிளினிக் ஒன்று, கொழும்பு நிபுணர்களின் வருகையுடன் நடத்தப்படலாம். ஈ.சி.ஜி., எக்கோ, 24 மணித்தியாலத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி, பேஸ்மேக்கரைப் பரிசோதிக்கும் கருவி ஆகியவையும் அவற்றைக் கையாளப் பயிற்றப்பட்ட ஓரிருவரும் அங்கிருந்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் கொழும்புக்குச் செல்லவேண்டிய தேவை இராது. தியத்தலாவை, வெலிமடை, பசறை, மொனராகலை ஆகிய இடங்களில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. தாளைக் கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பி அபிப்பிராயம் பெறுவது இன்று பணச்செலவுள்ள காரியமே அல்ல. அதற்கொரு ஒழுங்கும், பதிலளிக்கக் கடமைப்பட்ட ஒருவரும் தேவை, அவ்வளவே.

ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் இப்பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கவேண்டும். தடுப்பூசி தவறினால் வீடு தேடிவரும் அமைப்பு நம்மிடம் ஏற்கனவே உண்டு. இருதயக் கிளினிக் தவறினாலும் அதே உத்தியோகத்தர் வீடு தேடிச் செல்லலாம். தோட்டங்களில் இது சற்றுச் சிக்கலாகின்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கி மூன்று தசாப்தங்களாகியும் அப்பணி முற்றுப்பெறவில்லை. கம்பனியின் வைத்திய உதவியாளர் ஒருபுறம், அரசாங்க உத்தியோகத்தர் மறுபுறம் என்ற இரட்டை ஒழுங்கின் இடைவெளியில் பட்டியல்கள் காணாமற் போகின்றன. மாகாண சபையாவது இதனைக் கேட்குமா என்றால், 2014 செப்டெம்பரில் தெரிவான ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்ததன் பின்னர் அங்கு தெரிவுசெய்யப்பட்ட சபையே கிடையாது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ், டிஸ்பென்சரி கம்பனியின் கீழ். ஒரே பிள்ளையின் இருதயத்துக்கு மூன்று நிர்வாகங்கள்.

கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பது தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுகளில் முன்வைக்கக்கூடிய, கம்பனிகளுக்குப் பெரும் செலவு வைக்காத கோரிக்கை. ஒரு தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகின்றனர்? நாட்சம்பளத்தில் ஐம்பது ரூபாவுக்காக மாதக்கணக்கில் போராடும் சங்கங்களுக்கு இது கண்ணில் படாதது ஆச்சரியமே. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க முடிவது வரவேற்கத்தக்க மாற்றம். முன்னர் இதற்கும் கொழும்புக்கே அலையவேண்டியிருந்தது. அந்த உதவி சத்திரசிகிச்சையுடன் நின்றுவிடாமல், பேஸ்மேக்கர் மின்கல மாற்றத்துக்கும் போக்குவரத்துக்கும் நீளுமானால் பயன் பன்மடங்காகும்.

பணம் இல்லாத நாட்டில் இதெல்லாம் எப்படி என்ற கேள்வி எழும். 2022இல் மருந்தும் உபகரணங்களும் இன்றிப் பேராதனை வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் வைத்தியர்கள் பெருமளவில் வெளிநாடு சென்றதும் உண்மை. ஆனால், பல இலட்சம் பெறுமதியான சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்துவிட்டு, அதைக் காப்பதற்கான ஒரு ஈ.சி.ஜி. தாளுக்கு வழி செய்யாதிருப்பதை எந்தச் சிக்கனக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அமியோடரோன் எடுக்கும் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட், ஈரல் பரிசோதனைகள் அவசியம். அம்மருந்து தோலை வெயிலுக்குக் கூசச் செய்வதால், மலைச்சரிவில் நாள் முழுவதும் நிற்கும் கொழுந்து பறிப்பவளின் முகம் கருகும். காரணம் சொல்லப்படாவிடில் அவள் மருந்தை நிறுத்திவிடுவாள். இவை யாவும் பதுளையிலேயே பார்த்துச் சொல்லக்கூடியவை.

அதுவரையில் பெற்றோர் தாமாகச் செய்யக்கூடியவை சில உண்டு. சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிள்ளை மயங்கினாலோ, காரணமின்றி நெஞ்சு படபடத்தாலோ, முன்பு ஏறிய மேட்டை இப்போது ஏற முடியாமற் போனாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. மயங்கிக் கிடப்பவர் மூச்சின்றி இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, அம்புலன்ஸ் மலையேறி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் விடாது அழுத்தவேண்டும். தோட்ட இளைஞர் மன்றங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்கான பயிற்சியை அரை நாளில் கொடுப்பிக்கலாம். பல் பிடுங்கும் முன்னர் இருதயச் சத்திரசிகிச்சை நடந்ததைச் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சையின் பெயரையும் ஆண்டையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையுடன் வைத்திருப்பது நல்லது.

இன்னுமொன்று. ஈ.சி.ஜி. அச்சிடப்படுவது வெப்பத்தால் பதியும் தாளில். லயன் அறையின் ஈரத்திலும் அடுப்பங்கரைப் புகையிலும் அது சில ஆண்டுகளில் வெளிறி வெறுந்தாளாகிவிடும். பத்து ஆண்டுகளின் பின்னர் புதிய ஈ.சி.ஜி.யைப் பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்பது பழையதைத்தான். அலை எவ்வளவு அகன்றிருக்கின்றது என்பதை அத்துடன் ஒப்பிட்டே சொல்லமுடியும். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அதன் போட்டோ பிரதியொன்றை எடுத்து, தொலைபேசியிலும் ஒரு படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கும் எந்தக் கடையிலும் அதற்குச் சில ரூபாய்களே செலவாகும்.